ஒரு கார்புரேட்டர், இரண்டு வண்டி

ஜப்பானில் செய்த ஒரு சாமானை வாங்குவதற்காக ஜப்பானிலிருந்து தூத்துக்குடிக்குப் போன ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். விமான நிலையத்தில் கேட்ட அதிகாரியிடம் இதைச் சொல்லவில்லை. சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறேன் என்றேன். திரும்பி வரும்போது அது ஏறக்குறைய உண்மையாகிவிட்டது.

எனக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர், பிழைப்பு ஹமாமட்சுவில். ஊரில் இருக்கும்போதே பிடித்த கிறுக்கு ஒன்று ஜப்பானுக்கு வந்ததும் முற்றிவிட்டது. பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிள்கள், அதிலும் சின்னவை. எண்பது சிசியைத் தாண்டினால் எனக்கு அது லாரி. ஏன் இப்படி என்று கேட்பவர்களிடம் எடை, சமநிலை, அந்தக் காலத்துப் பொறியாளர்களின் சிக்கனம் என்று அரை மணி நேரம் பேசுவேன். கேட்டவர்கள் பாதியிலேயே எழுந்து போய்விடுவார்கள். உண்மையான காரணத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

என்னிடம் இருப்பது அறுபதுகளில் செய்த ஐம்பது சிசி வண்டி. ஸ்கூட்டர் மாதிரி காலை உள்ளே விட்டு ஏறலாம், ஆனால் சக்கரம் பெரியது. கிளட்ச் லீவர் கிடையாது. கம்பெனிப் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நாலு பேர் தேட ஆரம்பிப்பார்கள், விலை ஏறிவிடும். ஒரு சீமைப்பனிச்சைப் பழத் தோட்டக்காரரின் கொட்டகையிலிருந்து அதை மீட்டு வந்து, துரு நீக்கி, வெளிர்நீலம் அடித்து, எங்கள் அடுக்ககத்தின் சைக்கிள் நிறுத்தத்தில் வைத்திருக்கிறேன். என் மனைவி கவிதா அதை வாடகை தராத குடித்தனக்காரர் என்பாள்.

அந்தக் குடித்தனக்காரர் நகரமாட்டார் என்பதுதான் பிரச்சினை. கார்புரேட்டர் போய்விட்டது. இந்த மாடலில் கார்புரேட்டர் எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு மூடிக்குள் ஒளிந்திருக்கும். வேறு எந்த வண்டியுடையதும் அந்த இடத்துக்குள் போகாது. அதை வார்த்த உலோகமோ வயதாக வயதாக வறண்டு, பிஸ்கட் மாதிரி விண்டுபோகும் ஜாதி. என்னுடையது இரண்டாக விண்டுவிட்டது. ஜப்பான் முழுக்க விசாரித்தேன். வைத்திருப்பவர்கள் எல்லோரும் எனக்கு முன்னாலேயே விசாரித்தவர்கள்.

ஹமாமட்சுவில் எங்கள் பழைய வண்டிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடி, தேயிலைத் தோட்டங்கள் இருக்கும் மலைப்பக்கம் போய், விலாங்குமீனும் சோறும் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். கூட்டத்துக்குத் தலைவி நோரிகோ. ரொட்டிக்கடை வைத்திருக்கிறார். வண்டி ஓடாததால் நான் அவர்களுக்குப் பின்னால் காரில் போவேன். எல்லோருடைய மழைக்கோட்டும் டூல்ஸ் பையும் என் காரில்தான் இருக்கும். மிகுந்த அன்போடு என்னை மழைக்கோட்டுக்காரர் என்று அழைப்பார்கள். வசந்த காலத்துப் பெரிய பயணத்துக்காவது என் வண்டியில் போய்விட வேண்டும் என்பது என் ஒரே லட்சியமாக இருந்தது. நாற்பது வயதுக்காரனுக்கு இது லட்சியமா என்று கவிதா கேட்டாள். ஆமாம் என்றேன்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. பழைய வண்டிப் பிரியர்கள் படம் போட்டு அளவளாவும் ஒரு இணையக் குழுவில், என் வண்டியின் கூடப்பிறந்தது. பின்னால் மீன்பெட்டி, சீட்டின் மேல் ஒரு பூனை. கீழே, ‘தூத்துக்குடி. ஓடுது. விற்பனைக்கு.’ போட்டிருந்தவர் பெயர் செல்வின். பேசினேன். முழு வண்டியையும் கொடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார். கார்புரேட்டரை மட்டும் கழற்றிக்கொண்டு, மிச்சத்தைக் கோயம்புத்தூரில் தம்பி வீட்டில் போட்டுவைப்பதாகத் திட்டம் போட்டேன். தம்பியிடம் சொல்லவில்லை.

நோரிகோவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். ‘நாங்கள் தூக்கிப் போட்டதையெல்லாம் நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். போய் வாங்கி வாருங்கள்’ என்றார். கூடவே, தூத்துக்குடி மக்ரூன் பற்றி எங்கோ படித்திருப்பதாகவும் ஒரு பெட்டி வேண்டுமென்றும் சொன்னார். விண்டுபோன என் கார்புரேட்டரை அளவு பார்ப்பதற்காகத் துண்டில் சுற்றித் தோள்பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

தூத்துக்குடியில் இறங்கியதும் முதலில் வரவேற்றது காற்று. ஹமாமட்சுவிலும் கடல்காற்று உண்டு, ஆனால் அது மரியாதையாகத் தூரத்தில் நின்று வீசும். இங்கே அது சட்டைப்பைக்குள் கைவிட்டுப் பார்க்கிறது. நாக்கை வெளியே நீட்டினால் உப்பு. ஆட்டோக்காரர் நான் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். ஜப்பான் என்றதும் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, ‘அப்ப முத்து யாவாரமா சார்?’ என்றார். இல்லை, கார்புரேட்டர் என்றேன். அதன்பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. முத்துக் குளித்த கடற்கரைக்கு ஜப்பான்காரன் வளர்த்த முத்து விற்பனைக்கு வருகிறது என்றால், ஜப்பான்காரன் தொலைத்த கார்புரேட்டர் இங்கே கிடைப்பதில் என்ன தப்பு?

செல்வின் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். முப்பதைத் தாண்டிய, கலகலப்பான மனிதர். டீக்கடையில் சந்தித்தோம். நான், ‘வண்டியைப் பார்க்கலாமுங்களா?’ என்றேன். அந்த ‘ங்க’ அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. டீ குடித்து முடிப்பதற்குள் என்னைப் பார்த்து ‘சொல்லுங்க’, ‘வாங்க’, ‘குடிங்க’ என்று ஒவ்வொன்றிலும் கோயம்புத்தூரை ஏற்றிச் சொல்லிப் பழகினார். வண்டி எங்கே என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. கடைசியில், ‘வண்டி தொழிலுக்குப் போயிருக்கு சார், காலைல கடக்கரையில பாத்துக்கிடலாம்’ என்றார். அது வண்டியா, வீட்டு மாப்பிள்ளையா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் புரோட்டாக் கடைக்குக் கூட்டிப்போனார். எண்ணெயில் பொரித்து எடுத்த புரோட்டா. அதைப் பிய்த்துப் போட்டு மேலே சால்னாவை ஊற்றினால் மொறுமொறுப்பு போவதற்குள் தின்ன வேண்டும். அது நமக்கும் சால்னாவுக்கும் நடக்கும் ஓட்டப்பந்தயம். ஜப்பானில் ராமென் நூடுல்ஸையும் ஊறுவதற்குள் இப்படித்தான் அவசரமாக உறிஞ்சுவார்கள். என் வேகத்தைப் பார்த்து செல்வின் மெச்சினார். மூன்றாவது புரோட்டாவில், வண்டி தன் பெயரில் மட்டும் இல்லை என்று சொன்னார்.

அவர் குனிந்த தலை நிமிராமல் சொன்ன விவரம் இது. வண்டியைக் கொழும்பிலிருந்து தோணியில் ஏற்றிக்கொண்டு வந்தவர் அவருடைய அப்பா. அவருக்குப்பின் அது நாலு பங்கு. ஒரு பங்கு செல்வினுக்கு, ஒரு பங்கு அவருடைய அக்கா ரெஜினாவுக்கு. ஒருமுறை எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்யச் செலவு செய்ததில் மூன்றாவது பங்கு மில்லர்புரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பால்பாண்டி அண்ணாச்சிக்கு. நாலாவது பங்கு யாருக்கு என்று கேட்டேன்.

‘வண்டிக்கு’ என்றார்.

கடற்கரையில் அன்றன்றைக்குக் கிடைத்த மீன்பாட்டைப் பிரிக்கும்போது ஆட்களுக்குப் பங்கு இருப்பதுபோல வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு உண்டு. உழைத்ததற்குக் கூலி, அது மரமானாலும் நூலானாலும். ரெஜினா அக்கா இந்த வண்டியில் மீன் விற்கிறார், அதனால் வண்டிக்கும் பங்கு. அதிலிருந்துதான் அதற்கு டயரும் எண்ணெயும். ஏதாவது முடிவெடுப்பதென்றால் வண்டியின் பங்குக்கு யார் பேசுவார்கள் என்றேன். ஓட்டுபவர்தான் என்றார். அந்த ஓட்டுபவருக்கு விற்க இஷ்டமா என்றேன். செல்வின் இன்னொரு புரோட்டா சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. பங்குதாரர்களைக் கேட்காமல் படம் போட்டதற்கு மட்டுமல்ல, அந்தக் கடையில் சால்னா அவ்வளவு நன்றாக இருந்ததற்கும். ஒழுங்காகக் கோபப்பட முடியவில்லை. செல்வினோ தன் நியாயத்தைச் சொன்னார். வண்டியில் பெட்ரோல் ஒழுகுகிறது. எந்த நாள் எங்கே தீப்பிடிக்குமோ என்று பயம். எத்தனை சொல்லியும் அக்கா கேட்கவில்லை. விற்றுவிட்டால் அக்காவுக்குப் புது ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்துவிடலாம். அப்படிச் சொல்கிறவரிடம் என்ன சண்டை போடுவது?

மறுநாள் காலை கடற்கரையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஹமாமட்சுப் பக்கத்துத் துறைமுகத்திலும் ஏலம் பார்த்திருக்கிறேன், அங்கே விரலை அசைப்பார்கள். இங்கே ஊளியும் சாளையும் கிடக்கும் மணலில் நின்று இரண்டு பேர் சண்டை போடுவதாக நினைத்து விலக்கப் போனேன். செல்வின் சட்டையைப் பிடித்து இழுத்தார். அதுதான் ஏலமாம்.

வண்டியைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. பூனைகள் எங்கே வட்டம் கட்டி உட்கார்ந்திருந்தனவோ அங்கே அது நின்றது. கிட்டே போனதும் காரணம் புரிந்தது. உப்புக்காற்றில் எந்த வண்டியும் இரண்டு மழைக்காலம் தாங்காத ஊரில், இதன் மட்கார்டில் என் முகம் தெரிந்தது. வள்ளத்துப் பலகைக்குத் தேய்க்கும் சுறா எண்ணெயை வண்டிக்கும் தேய்க்கிறார்கள். துரு கிட்டே வராது. மனிதர்களும் வரமாட்டார்கள். ஆனால் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டு அதைச் சுற்றி வந்தேன். அந்த வளைவு, அந்த விளக்கு, அந்தச் சின்னக் கால்மறைப்பு. என் வண்டிக்கு ஜோடி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. பாதி சுறா எண்ணெயால்.

‘இவருதான் அந்த ஜப்பான்காரரா?’ என்று ஒரு குரல் கேட்டது.

ரெஜினா அக்கா. ஐந்தடிக்குக் கொஞ்சம் கீழே, சேலையை இழுத்துச் செருகி, தலையில் ஒரு ஹெல்மெட். என்னைப் பார்த்து முறைக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. மீனைப் பெட்டியில் அடுக்கி, மேலே ஐஸ் போட்டு மூடிவிட்டு, இப்போது வியாபாரத்துக்கு நேரமாகிறது, பேச்சு அண்ணாச்சி கடையில் வைத்துக்கொள்ளலாம், அதுவரைக்கும் பின்னாலேயே வருவதென்றால் வாருங்கள் என்று சொல்லிவிட்டு கிக்கரை உதைத்தார். இரண்டாவது உதையில் வண்டி எழுந்தது. அந்தச் சத்தத்தை நான் ஒலிப்பதிவில் மட்டும்தான் கேட்டிருந்தேன்.

செல்வினின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். உப்பளங்களுக்குப் போகும் லாரிகள் வரிசையாக வந்து எங்கள்மேல் வெள்ளைத் தூசியைத் தூவின. அக்கா ஓட்டுவதைப் பார்க்க விசித்திரமாக இருந்தது. வலது கை ஆக்சிலரேட்டரில். இடது கை எப்போதும் சீட்டுக்குக் கீழே. ஓடும்போது பெட்ரோல் டேப்பைத் திறப்பார். வேகம் குறையும்போது மூடுவார். தெருமுனையில் மூடு, நேர்ச்சாலையில் திற. வழியில் பெண்கள், ‘ஏளா ரெஜினா’ என்று கூப்பிட்டுக் கையசைத்தார்கள். அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. இவ்வளவு கெத்தா என்று நினைத்துக்கொண்டேன்.

மில்லர்புரத்துக்குள் நுழையும் இடத்தில் குறுக்கே ஒரு டவுன் பஸ் நின்றது. அக்கா பிரேக் போட்டார், டேப்பை மூடக் கொஞ்சம் தாமதித்துவிட்டார். எஞ்சின் இருமி நின்றது. மூடிக்குக் கீழேயிருந்து பெட்ரோல் சொட்டு சொட்டாக ரோட்டில் விழுந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எங்கிருந்தோ இரண்டு பூனைகள் வந்தன.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வண்டியை ஒரு வேப்பமர நிழலுக்குத் தள்ளிப்போய், செல்வினிடம் ஸ்க்ரூ டிரைவர் வாங்கி, மூடியைத் திறந்தேன். கார்புரேட்டரின் உடம்பு முழுசாக இருந்தது. ஒரு கீறல் இல்லை. நான் தேடியது அதைத்தான். ஆனால் உள்ளே பித்தளை மிதவையைப் பார்த்ததும் நோய் தெரிந்துவிட்டது. பெட்ரோல் போதுமான அளவுக்கு வந்ததும் மிதந்து எழுந்து வழியை அடைப்பதுதான் அதன் வேலை. அதில் ஓட்டை விழுந்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, மறுபடி ஓட்டை விழுந்து, மறுபடி ஈயம் வைத்து, இப்போது கனம் கூடி மிதக்கவே முடியாமல் கிடந்தது. அதனால்தான் அக்காவின் இடது கை மிதவை வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கூப்பிட்டவர்களுக்கு அவர் கையாட்டாமல் போனதும் அதனால்தான், நான்தான் அதைக் கெத்து என்று நினைத்துவிட்டேன்.

என் தோள்பையில் துண்டில் சுற்றியது இருந்தது. என்னுடைய கார்புரேட்டரின் உடம்புதான் இரண்டாகப் போயிருந்தது, உள்ளே மிதவை புத்தம்புதுசு மாதிரி. அதைக் கழற்றி இதில் வைத்தேன். வைக்காமல் இருக்க யாராலும் முடியாது. பூட்டைப் பார்த்துக்கொண்டே சாவியைக் கையில் வைத்திருப்பவன் திறந்துதான் பார்ப்பான். பிளக்கைத் துடைத்துப் போட்டு, டேப்பைத் திறந்துவிட்டு, அக்காவை உதைக்கச் சொன்னேன். ஒரே உதை. வண்டி நின்ற இடத்தில் டப் டப் டப் என்று நிதானமாக ஓடியது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. செல்வின் தரையைத் தடவிப் பார்த்து விரலை முகர்ந்தார்.

மிச்ச வியாபாரத்தை முடித்துவிட்டு வருவதாக அக்கா கிளம்பினார். நாங்கள் பின்னால் போனோம். முதல் இரண்டு தெருவுக்கு இடது கை பழக்கத்தில் சீட்டுக்குக் கீழே போய்ப் போய் வந்தது. மூன்றாவது தெருவில் ஹேண்டில்பாருக்கு ஏறியது. நாலாவது தெருவில், மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவைப் பார்த்து அக்கா அந்தக் கையைத் தூக்கி ஆட்டினார். அந்த அம்மாவுக்கு அதிர்ச்சி.

‘ஏளா, இன்னைக்கு என்ன கையெல்லாம் காட்டுத?’ என்று மேலேயிருந்து கேட்டார்.

அதற்கப்புறம் அக்கா எல்லோருக்கும் கையாட்டினார். பழக்காரருக்கு, பள்ளிக்கூட வேன் டிரைவருக்கு, அவரை யாரென்றே தெரியாத ஒரு போலீஸ்காரருக்கு. நான் அந்தக் கார்புரேட்டரை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று யோசித்துக்கொண்டே போனேன். மிதவையும் என்னுடையது, உடம்பும் விலைக்கு வரப்போகிறது, இரண்டும் சேர்ந்தால் முழுசு. மனசுக்குள் நான் அப்போதே தேயிலை மலை ஏறிக்கொண்டிருந்தேன்.

பால்பாண்டி அண்ணாச்சியின் கடையில் கயிறு, பெயின்ட், ஆணி, பம்பு வாஷர் எல்லாம் கூரைவரை தொங்கின. பெரிய மீசை, மெல்லிய குரல். மிதவைக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தவர் அவர்தான். அதைச் சொன்னபோது கொஞ்சம் கூச்சப்பட்டார். எல்லோருக்கும் கருப்பட்டிக் காபி வரவழைத்தார். பிறகு பங்குதாரர் கூட்டம் நடந்தது. நான் சாட்சி மாதிரி ஒரு பெயின்ட் டப்பாவின்மேல் உட்கார்ந்திருந்தேன்.

செல்வின் எழுந்து, இப்போது ஒழுகவில்லை என்பது சந்தோஷம்தான், ஆனால் தான் வாக்குக் கொடுத்துவிட்டதாகவும் ஒரு மனிதர் கடல் தாண்டி வந்திருக்கும்போது வாக்கு மாறினால் தூத்துக்குடிக்கே கேவலம் என்றும் சொன்னார். அண்ணாச்சி மீசையைத் தடவிக்கொண்டே, சாமான் கிடைக்காத வண்டியை ஆசைப்பட்டுக் கேட்கும் ஆள் இன்னொரு தடவை வரமாட்டார், அதனால் கொடுத்துவிடலாம் என்றார். விற்க இரண்டு பங்கு. ரெஜினா அக்கா முடியாது என்றார். வண்டியின் பங்குக்கும் அவரே முடியாது என்றார். இரண்டுக்கு இரண்டு. எல்லோரும் காபியைக் குடித்தார்கள்.

அப்புறம் மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

‘தொழிலுக்கு எறங்கின சாமான் பங்குச் சாமான், தம்பி’ என்றார் அண்ணாச்சி. ‘ஒம்ம மெதவ இன்னைக்கு மீனு வித்துட்டு வந்திருக்கு. அப்ப நீரும் பங்குக்காரரு. நீருதான் சொல்லணும்.’

இது என்ன கூத்து என்றேன். விளையாட்டில்லை என்று தெரிந்தது. அவர்கள் கடற்கரையில் ஒருவர் வள்ளத்தில் இன்னொருவர் வலையைப் போட்டுக் கடலுக்குப் போனால், கரைக்கு வந்ததும் அந்த வலைக்காரர் பங்குக்காரர். வெறும் சோதனைக்காகப் போட்டேன் என்று வாதாட முடியாது, மீன் விற்றாயிற்று. வேப்பமரத்தடியில் சோதித்துப் பார்த்த கையோடு கழற்றித் துண்டில் சுற்றியிருந்தால் நான் வெறும் வாடிக்கையாளர். ஆர்வக்கோளாறில் வியாபாரத்துக்கு அனுப்பிவிட்டேன். இப்போது வண்டியை எனக்கே விற்பதா வேண்டாமா என்று நானே ஓட்டுப்போட வேண்டும்.

போட்டுவிடலாம். விற்கலாம் என்று ஒரு வார்த்தை. யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள், செல்வின் கைதட்டுவார். எனக்கு அந்தக் கார்புரேட்டர் வேண்டும், அவ்வளவு வேண்டும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனாலும் அக்காவிடம், அப்பா ஞாபகத்துக்காகத்தான் கொடுக்க மனசில்லையா என்று கேட்டேன். அப்படிச் சொல்லியிருந்தால் நான் ஆறுதல் சொல்லிவிட்டு வாங்கியிருப்பேன்.

‘அப்பா கெடக்காரு, அதுக்கில்ல’ என்றார் அக்கா. ‘புது ஸ்கூட்டர்ல ஒக்காந்து பாத்தாச்சு தம்பி. சிக்னல்ல நிப்பாட்டுனா நுனிக்கால்ல நிக்கணும். பின்னால மீன்பெட்டிக் கனம். ரெண்டு தடவ ரோட்டுல மீனோட கவுந்து, எல்லாரும் பாத்துச் சிரிச்சாவ. இதுல நிப்பாட்டுனா ரெண்டு காலும் தரையில படும். அவ்வளவுதான்.’

நான் பெயின்ட் டப்பாவிலிருந்து எழுந்தேன். எழுந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் நண்பனின் பெரிய மோட்டார் சைக்கிளோடு பெண்கள் விடுதி வாசலில் நான் சாய்ந்து விழுந்ததும், மூன்று பேர் வந்து என்னையும் வண்டியையும் தனித்தனியாகத் தூக்கியதும் கோயம்புத்தூரில் இன்னும் சிலருக்கு ஞாபகமிருக்கலாம். எடை, சமநிலை, பொறியாளர்களின் சிக்கனம் எல்லாம் நான் பிற்பாடு படித்துக்கொண்டவை. இரண்டு காலும் தரையில் படும். நான் இத்தனை வருடம் கவிதாவிடம்கூடச் சொல்லாத காரணத்தை அக்கா ஒரு ஹார்டுவேர் கடையில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டார். எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கால் தரையில் பட வேண்டும், அவருக்குத் தினமும்.

விற்க வேண்டாம் என்றேன். பெருந்தன்மையோடு சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். அழுகிற குரலில்தான் சொன்னேன். அண்ணாச்சி உடனே இன்னொரு காபி சொன்னார். செல்வின் என் தோளில் கை போட்டுக்கொண்டு, ‘என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க’ என்று சுத்தமான கோயம்புத்தூரில் கேட்டார். ரெஜினா அக்கா வண்டிச் சாவியை என் கையில் கொடுத்து, ஒரு சுற்று போய்விட்டு வரச் சொன்னார்.

போனேன். உப்பளப் பாதையில், இரண்டு பக்கமும் வெள்ளைக் குவியல்களுக்கு நடுவே, நான் இத்தனை வருடம் காரில் போய்க்கொண்டே கனவு கண்ட வண்டியில். காற்று எதிர்த்து அடித்ததில் வண்டி நடையை விடக் கொஞ்சம்தான் வேகமாகப் போனது. எதிரே வந்த லாரிக்காரருக்குக் கையாட்டினேன். அவர் ஹாரன் அடித்தார். திரும்பும் இடத்தில் நிறுத்தி, இரண்டு காலையும் தரையில் வைத்து, சும்மா நின்றேன். எஞ்சின் அணையவில்லை.

கடைசி நாள் அவர்கள் வீட்டில் மீன்குழம்பு. விடைபெறும்போது என் கார்புரேட்டரில் மிச்சமிருந்த ஊசி, ஜெட், திருகாணிகள் எல்லாவற்றையும் அண்ணாச்சியிடம் கொடுத்தேன், பின்னால் உதவும். விண்ட உடம்பை மட்டும் துண்டில் சுற்றிக்கொண்டேன். மக்ரூன் பெட்டியை அக்கா தன் கையால் கட்டிக் கொடுத்தார். விமான நிலையத்தில் மோப்ப நாய் வரிசையில் இருந்த எல்லோரையும் விட்டுவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்தது. அரை மணி நேரம் சோதித்தார்கள். சுறா எண்ணெய் என்றால் என்னவென்று அந்த இளம் அதிகாரிக்கு விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் என் கால்சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, போகலாம் என்று கையால் காட்டினார்.

நோரிகோ பெட்டியைத் திறந்தபோது மக்ரூன் முக்கால்வாசி தூளாகியிருந்தது. அவர் தூளைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே முழுக்கதையையும் கேட்டார். ‘அப்படியானால் அந்த வண்டி ஓடுகிறது’ என்றார் கடைசியில். ஓடுகிறது என்றேன். ‘நல்லது. மழைக்கோட்டுகளை யார் கொண்டுவருவது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம்’ என்றார்.

வசந்தகாலப் பயணத்துக்குக் காரில்தான் போனேன். தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, எல்லோரும் வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு ஓய்வெடுத்தபோது, என் கைபேசி கிணுகிணுத்தது. தூத்துக்குடியில் மதியச் சாப்பாட்டு நேரம். ஒரு தட்டு, அதில் முள் மட்டும் மிச்சமிருந்த ஒரு பெரிய மீன், பக்கத்தில் செல்வினின் சிரிப்பு. கூடவே அக்காவின் குரல், பின்னணியில் டப் டப் என்று வண்டிச் சத்தம்.

‘தம்பி, ஒங்க பங்கு இந்த வாரம் வெளமீனு. நீங்க இல்லாததால செல்வின் தின்னுட்டான். அடுத்த வாரம் அண்ணாச்சி மொற.’

கூட்டம் சுற்றி நின்றுகொண்டு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டது. மொழிபெயர்த்துச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஜப்பான்காரர்களுக்கு இதெல்லாம் முக்கியமான விஷயம். நோரிகோ மட்டும் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, உங்கள் மீன் ருசியாக இருந்ததா என்று அக்கறையோடு கேட்டார். தெரியாது என்று எப்படிச் சொல்வது? செல்வினுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன்.

என் மீனில் உப்பு கொஞ்சம் கூடுதல் என்று பதில் வந்தது.